சாவி அனம் கையில்

ஜாவித்தை இனி வீட்டுக்குக் கூட்டிப் போகலாம் என்று டெங்கில் ஊர்ப் பக்கத்து மனநல இல்லத்தில் சொன்ன அன்றைக்கு, மூசா கேட்ட முதல் கேள்வி, "எத்தனை நாளைக்கு?" என்பதுதான்.

டாக்டர் வாணிக்குப் புரியவில்லை. "எத்தனை நாளைக்குன்னா? வீட்டுக்குத்தான் அனுப்புறோம் அங்கிள். லீவுக்கு இல்ல."

"அதான் கேக்குறேன். எத்தனை நாளைக்கு ஒழுங்கா இருப்பான்? ஒரு வருசத்துக்கு மேல பேரப்புள்ளைய இங்க வச்சிருந்தீங்க. மாத்திரை கொடுத்தீங்க, பேச வச்சீங்க, படம் வரைய வச்சீங்க. இப்ப தேறிட்டான்னு சொல்றீங்க. லோரி இஞ்சின இறக்கி ஏத்துறவன்கூட இவ்வளவு தூரத்துக்கு நான் கேரண்டின்னு ஒரு வார்த்தை சொல்வான். நீங்க என்ன சொல்றீங்க?"

"அத்தா, சும்மா இருங்க லா," என்று மகன் பாசில் முழங்காலைத் தொட்டான். மருமகள் ஹபீபா தலைத்துணியின் நுனியைத் திருகிக்கொண்டு தரையைப் பார்த்தாள்.

டாக்டர் சிரிக்கவில்லை. "கேரண்டி கிடையாது அங்கிள். இங்க கண்ணாடிய உடைச்சவன் வெளிய போய் நல்லா வேலை பாக்குறான். இங்க ஒரு தொல்லையும் கொடுக்காத பிள்ளை வெளிய போன கையோட மறுபடி நோயில விழுந்திருக்கு. இங்க எப்படி இருந்தான்னு பாத்துச் சொன்னா அடிக்கடி தப்பாப் போகுது. எந்த வீட்டுக்குப் போறான்னு பாத்துச் சொன்னா கொஞ்சம் சரியா வருது. அதுவும் கொஞ்சம்தான்."

"அப்ப குத்தம் எங்க வீட்டு மேல."

"குத்தம் சொல்லல. வீட்டுல இருக்கிற ஒவ்வொருத்தரையும் ஒரு தடவ நல்லாப் பாருங்கன்னு சொல்றேன்."

மூசா எழுந்துவிட்டார். படித்தவர்களிடம் இதுதான் தொல்லை. கேட்டதற்குப் பதில் வராது, கேட்காததற்கு நீளமாக வரும். வீட்டில் யாரைப் பார்க்க வேண்டுமோ அவனைத்தான் பார்க்கப் போகிறோம், இதற்கு ஒரு டாக்டர் வேண்டுமா என்று நினைத்துக்கொண்டே வேனில் ஏறினார். ஜாவித் ஜன்னலோரம் உட்கார்ந்து கண்ணாடியில் நெற்றியை ஒட்டிக்கொண்டு வந்தான். பன்னிரண்டு வயது. போன வருசம் கடை நிறைய ஆள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது கொதிக்கிற கறிச்சட்டியைத் தூக்கி எறிந்து, ரொட்டி போடுகிறவன் கையை வேகவைத்த பையன் இவன்தான். ஏன் எறிந்தான் என்று அன்றைக்கும் சொல்லவில்லை, பிறகும் வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை.

கடை கிள்ளான் டவுனில். கீழே சாப்பாட்டுக் கடை, மேலே வீடு. மூசா இளவயதில் அதே தெருவில் தட்டுக் கழுவ வந்தவர். ஆளை நம்பி அவருக்குப் பழக்கமில்லை. மீன்காரன் செவுளைத் தூக்கிக் காட்டினால், காட்டிய மீனை விட்டுவிட்டு அடியில் கிடக்கும் மீனின் செவுளைத் தூக்கிப் பார்ப்பார். மசாலாவை இன்றைக்கும் தானேதான் வறுப்பார். ஆஸ்பத்திரி, அரசாங்கம், பள்ளிவாசல் கமிட்டி, வானொலியில் மழை வரும் என்று சொல்கிறவன், எல்லாரும் அவருக்கு ஒன்றுதான்.

உலகத்தில் அவர் நம்பியது ஒரே ஒரு ஆளை. ஜாவித்தின் அக்கா அனம்.

அனமுக்குப் பதினேழு. அந்த வருசம் பெரிய பரீட்சை. பள்ளிவிட்டு வந்தால் கவுண்டரில் உட்காருவாள். நகராண்மைக் கழகத்திலிருந்து மலாயில் கடிதம் வந்தால் அவள்தான் படித்துச் சொல்வாள். அம்மாவுக்குச் சர்க்கரை, கிளினிக்குக்கு அவள்தான் கூட்டிப் போவாள். தம்பி இல்லத்தில் இருந்த காலத்தில், அவனைப் பார்க்கப் போகும் ஞாயிற்றுக்கிழமைகளில் எல்லாரும் கிளம்பிவிடுவார்கள். கடையை யார் பார்ப்பது? அனம் இருக்கா, பாத்துக்குவா. சோறு, தண்ணீர் என்பதைவிட அந்த வீட்டில் இந்தப் பேச்சுத்தான் அதிகம்.

ஆகவே ஜாவித்தோடு மாத்திரைகள் வந்து சேர்ந்தபோது மூசா யோசிக்கவே இல்லை. ஒரு தகரப் பெட்டியில் போட்டுச் சின்னப் பூட்டாகப் பார்த்து வாங்கிப் பூட்டினார். சாவி யாரிடம்? ஹபீபா மறதிக்காரி. பாசில் கைலி மடிப்பில் செருகி எங்காவது விழவிட்டுவிடுவான். கடை ஆட்கள் என்றால் பேச்சே இல்லை.

"அனம், நீ வச்சுக்கம்மா. ராத்திரி ஒருவேளை நீ எடுத்துக் கொடு, நீயே பூட்டு. உன்னைத் தவிர யாரும் தொடக் கூடாது."

"சரி நன்னா," என்று அவள் கழுத்துச் சங்கிலியில் சாவியைக் கோத்துக்கொண்டாள்.

கத்திகளைக் கீழே கொண்டுபோய் அலமாரியில் வைத்தார்கள். கறிச்சட்டிப் பக்கம் ஜாவித் போனால் யாராவது ஒருவர் கூடப் போனார்கள். அவன் கழிவறையில் கொஞ்ச நேரம் இருந்துவிட்டால் ஹபீபா கதவைத் தட்டினாள். பையன் ஒன்றும் செய்யவில்லை. மேசை துடைத்தான், வெங்காயம் உரித்தான், சொன்ன நேரத்துக்குத் தூங்கினான்.

"பாய், பையன் நல்லாத்தானே இருக்கான்?" என்றான் குரு. பக்கத்து ஊரான மேருவில் லோரி ஓட்டுகிறவன், கடைக்கு நெடுநாள் வாடிக்கை. கடையில் அவனுக்குத் தெரியாதது எதுவும் இல்லை.

"நோன்பு வர்றதுக்குள்ள திரும்பிப் போயிடுவான், பாரு."

"என்ன வாய் லா பாய் உங்களுக்கு. சொந்தப் பேரனுக்கே இப்படிச் சொல்றீங்க."

"சொந்தப் பேரன்னா கண்ணு தெரியாதா?"

ஒரு நாள் சாயங்காலம் கடையின் பின்பக்கத்தில் மூசா கறிவேப்பிலை உருவிக்கொண்டிருந்தார். ஜாவித் வந்து எதிரே குந்தினான். அக்காவை அவன் ராத்தா என்றுதான் சொல்வான்.

"நன்னா, ராத்தா அவ வாட்ச்ச எனக்குக் கொடுத்துட்டா."

"கட்டிக்க. என்ன இப்ப?"

"பாட்டு கேக்கக் காதுல மாட்டுறதையும் கொடுத்துட்டா. நல்ல துணியெல்லாம் பக்கத்து வீட்டு இஷ்ரத்துக்குக் கொடுத்துட்டா."

"பரீட்சை வருது. வேணாம்னு கொடுக்குறா."

பையன் கீழே விழுந்த இலைகளைப் பொறுக்கினான். "அங்க என் ரூம்ல தனேஷ்னு ஒருத்தன் இருந்தான். அவனும் எல்லாத்தையும் கொடுத்தான். அதுக்கு முன்னாடி மூஞ்ச தூக்கி வச்சுக்கிட்டே இருப்பான், கொடுத்ததுக்கு அப்புறம் சிரிச்சுக்கிட்டே இருந்தான். ராத்தாவும் இப்ப சிரிச்சுக்கிட்டே இருக்கா."

"கூட இருந்த கிறுக்கனையும் என் பேத்தியையும் ஒரே தராசுல வைக்கிறியா?"

"அவகிட்ட இருந்து சாவிய வாங்கி நீங்க வச்சுக்குங்க நன்னா."

மூசாவின் கை நின்றது. ஓ, இதற்குத்தானா இத்தனை சுற்று என்று அவருக்குப் பளிச்சென்று விளங்கியது. வாட்ச், துணி, தனேஷ் எல்லாம் சாவிக்கு வழி. கிழவன் தலையணையடியில் சாவி வந்தால் எடுப்பது சுலபம். வளைத்துப் பேசக் கற்றுக்கொடுத்துத்தான் அனுப்பியிருக்கிறார்கள்.

"போய் மேசையத் துடை," என்றார்.

அன்றைக்கே அனமைக் கவுண்டருக்குப் பின்னால் கூப்பிட்டுக் காதோடு சொன்னார். "தம்பி சாவிக்கு அலையுறான். குளிக்கப் போனாலும் கழுத்துலேருந்து கழட்டாத."

அனம் அவர் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். ஏதோ சொல்ல வருவதுபோல் இருந்தது. பிறகு சிரித்தாள். "சரி நன்னா. கழட்ட மாட்டேன்."

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை நேரத்தில் கடைக் கதவைப் பாதி இறக்கிவிடுவார்கள். ஆண்கள் எல்லாரும் பள்ளிவாசலுக்குப் போய்விடுவார்கள். குரு மட்டும் வாசல் மேசையில் உட்கார்ந்து, தனக்குத் தானே தேத்தண்ணி கலக்கிக் குடித்துக்கொண்டு கடையைப் பார்த்துக்கொள்வான். இது வருசக்கணக்கான ஏற்பாடு. அந்த வெள்ளிக்கிழமை ஹபீபா வீட்டில் இல்லை. பிரிக்பீல்ட்ஸில் அவள் தங்கைக்குக் குழந்தை பிறந்திருந்தது, காலையிலேயே ரயிலேறிவிட்டாள். அனம் தலைவலி என்று பள்ளிக்குப் போகாமல் மேலே இருந்தாள்.

ஜாவித் பள்ளிவாசலுக்கு வரமாட்டேன் என்றான். பாசில் கெஞ்சினான். மூசா அதட்டினார். பையன் மாடிப்படிக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.

"ராத்தா தனியா இருக்கா. நான் இங்கதான் இருப்பேன்."

"அவ தனியா இருந்தா உனக்கென்ன? நீ இருக்கிறதுதான் எனக்குப் பயம்," என்றார் மூசா. குத்துபா பிரசங்கத்துக்கு நேரமாகிவிட்டது. குருவைப் படிக்கட்டுப் பக்கமாக நாற்காலியைத் திருப்பிப் போடச் சொன்னார். "மேல சத்தம் கேட்டா எனக்குப் போன் அடி. பாசிலுக்கு அடிக்காத, எனக்கு அடி."

மூசாவுக்கு முழங்கால் வலி. பின்வரிசையில் வாசலுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டுத்தான் தொழுவார். சலாம் கொடுத்துத் தொழுகையை முடித்த கையோடு சட்டைப் பையில் போன் துடித்தது.

"பாய், மேல எதையோ போட்டு உடைக்கிறான். வாங்க."

பாசில் முன்வரிசையில் இருந்தான். அவனைக் கூப்பிட நிற்கவில்லை. செருப்புக்கூடப் போடாமல் சுட்ட ரோட்டில் ஓடினார். சொன்னேனே, சொன்னேனே என்று ஒவ்வொரு எட்டுக்கும் மனசு அடித்துக்கொண்டது. அதில் பயம் பாதி, நான் சொன்னது பலித்தது என்ற திமிர் பாதி.

மாடியில் ஜாவித் சம்பல் இடிக்கிற கல் குழவியால் குளியலறைக் கதவை இடித்துக்கொண்டிருந்தான். கதவின் நடுவே பலகை பிளந்திருந்தது. உள்ளே தண்ணீர் கொட்டும் சத்தம்.

வயசுப்பெண் குளிக்கிற அறைக் கதவு. கறிச்சட்டியை எறிந்ததெல்லாம் இதற்கு முன் ஒன்றுமில்லை. பின்னாலிருந்து பையன் கழுத்தை வளைத்து இழுத்தார். குரு குழவியைப் பிடுங்கினான். பையன் மூசாவின் மணிக்கட்டைக் கடித்தான். அவர் ஓங்கி ஓர் அறை விட்டார்.

"பொட்டப்புள்ள குளிக்கிற கதவ உடைக்கிறியாடா? நாயே, உனக்கு வெக்கம் இல்ல?"

"ராத்தா உள்ள இருக்கா நன்னா. ராத்தா உள்ள."

"உள்ள இருக்கான்னு தெரிஞ்சுதானே உடைக்கிற."

தோள் துண்டால் இரண்டு கையையும் சேர்த்துப் படிக்கட்டுக் கம்பியில் கட்டினார். குரு "பாய், போதும்" என்றான். காதில் விழவில்லை. மூச்சு வாங்க இல்லத்துக்குப் போன் போட்டார். டாக்டர் வாணியே எடுத்தாள்.

"வேன அனுப்புங்க. கதவ உடைச்சுட்டான். நான் அன்னைக்கே கேட்டேன்ல, எத்தனை நாளைக்குன்னு? இவ்வளவு நாளைக்குத்தான்."

"வேன் அனுப்புறேன் அங்கிள். யாருக்கும் அடி இருக்கா?"

"குளிக்கிற ரூம் கதவு. உள்ள இவன் அக்கா."

"என்ன சொல்றான் அவன்?"

"என்ன சொல்வான். ராத்தா உள்ள, ராத்தா உள்ளன்னு அதையே சொல்றான்."

டாக்டர் மெதுவாகக் கேட்டாள். "அங்கிள், கதவ இடிக்கும்போது அந்தப் பொண்ணு உள்ளேருந்து சத்தம் போட்டுச்சா?"

மூசா போனை இறக்கிக் கதவைத் திரும்பிப் பார்த்தார்.

தெருவே கேட்கும்படி கதவை இடித்திருக்கிறான். உள்ளே ஒரு பெண் இருந்தால் கத்தியிருக்க மாட்டாளா? நன்னா என்று ஒரு குரல் வந்திருக்காதா? இத்தனை நேரம் வந்தது தண்ணீர்ச் சத்தம் மட்டும்தான்.

"அனம்," என்றார். "அனமு. நன்னாதாம்மா. பதில் சொல்லு."

தண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தது.

குரு தயங்கினான். "பாய், பொண்ணு உள்ள... நான் எப்படி?"

"உடை."

பிளந்த பலகையில் குரு தோளைக் கொடுத்தான். மூசாதான் முதலில் உள்ளே போனார். அனம் உடுத்திய துணியோடு ஈரத் தரையில் சுவரில் சாய்ந்து கிடந்தாள். வாளி நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. தகரப் பெட்டி பக்கத்தில் திறந்து கிடந்தது. பூட்டு உடைந்திருக்கவில்லை.

கட்டிப்போட்ட இடத்திலிருந்து ஜாவித் கத்தினான். "மல்லாக்கப் போடாதீங்க நன்னா. ஒருக்களிச்சுப் போடுங்க. மூச்சு இருக்கா பாருங்க."

மூச்சு இருந்தது. மூசாவுக்கு அது மட்டும்தான் தெரிந்தது. ஆம்புலன்சுக்குக் காத்திருக்கவில்லை, குரு அவளைத் தூக்கிக்கொண்டு இறங்கினான், லோரி முன்சீட்டில் மூசா மடியில் அவள் தலை, பெரிய ஆஸ்பத்திரி, தள்ளு வண்டி, கதவுக்குப் பின்னால் கதவு. வெள்ளைச் சட்டைப் பெண் ஒருத்தி அவர் முன்னால் வந்து மலாயில் கேட்டாள், பிறகு தமிழில் கேட்டாள்.

"என்ன மாத்திரை? பேர் தெரியுமா?"

"தெரியாது."

"பெட்டி கொண்டு வந்தீங்களா?"

"இல்ல."

"யாருக்குத் தெரியும்?"

யாருக்குத் தெரியும் என்று மூசா தன்னையே கேட்டுக்கொண்டார். ஒவ்வொரு மாத்திரையும் எதற்கு என்று அந்த வீட்டில் ஒருவரும் கேட்டதில்லை. தின்கிறவனுக்குத்தான் தெரியும். பாசிலுக்குப் போன் போட்டார்.

"ஜாவித்த கூட்டிட்டு வா. பெட்டியோட. சீக்கிரம்."

"அத்தா." பாசில் குரல் உடைந்திருந்தது. "இப்பத்தான் மேல வந்தேன். இவன யார் இப்படிக் கட்டிப் போட்டது?"

அவிழ்க்கவே இல்லை. அக்காவைத் தூக்கிக்கொண்டு அவன் முன்னாலேயே படியிறங்கிப் போயிருக்கிறார்கள். அவன் கம்பியில் தொங்கிக்கொண்டு பார்த்திருக்கிறான்.

ஜாவித் வந்தான். யாரையும் பார்க்கவில்லை. நேரே அந்தப் பெண்ணிடம் போய்ப் பெட்டியைக் கொடுத்து, ஒவ்வொன்றின் பேரையும் சொன்னான். இது தூங்க, இது கோபத்துக்கு, இது முன்னாடி கொடுத்து நிறுத்தியது. பேசும்போது அவன் மணிக்கட்டில் துண்டு இறுக்கிய தடம் சிவந்திருந்தது. அந்தப் பெண் அதைப் பார்த்தாள், பிறகு மூசாவைப் பார்த்தாள். அவர் பல் பதிந்த தன் கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

பிறகு காத்திருப்பு. பாசில் சுவரில் தலையை முட்டிக்கொண்டு நின்றான். "பரீட்சைப் பயமா? யாராவது பையனா? அத்தா, உங்ககிட்ட ஏதாவது சொன்னாளா?" என்று கேட்டதையே கேட்டான். மீன் செவுளைத் தூக்கிப் பார்த்தவர் இந்தப் பிள்ளையின் முகத்தைத் தூக்கிப் பார்க்கவில்லை. யாரையும் நம்பாதவர் ஒரே ஒருத்தியை நம்பினார், நம்பிவிட்டதால் பார்ப்பதை நிறுத்திவிட்டார்.

சாயங்காலம் டெங்கிலிலிருந்து வேன் வந்தது. பிரவின் என்ற இளைஞன், இல்லத்துக் கவனிப்பாளன், ஆஸ்பத்திரி வராந்தாவுக்கே தேடி வந்துவிட்டான். பாசில் போனில் எல்லாம் சொல்லியிருந்தான், டாக்டர் வாணி நடந்ததைச் சொல்லித்தான் அனுப்பியிருந்தாள். "அங்கிள், நீங்க வேன் கேட்டீங்க. வந்துட்டேன். முடிவு உங்க குடும்பந்தான் எடுக்கணும்னு டாக்டர் சொன்னாங்க."

மூசா சொல்வதற்குள் ஜாவித் எழுந்தான். "நான் வரேன் அண்ணே."

"இரு," என்றார் மூசா.

"எதுக்கு?"

அதட்டலாக இருந்தால் பதில் அதட்டல் போட்டிருப்பார். பையன் நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டான்.

"அங்க நான் சொன்னா என்னன்னு கேப்பாங்க நன்னா. நம்புறாங்களோ இல்லையோ, கேப்பாங்க. அங்க கதவுக்குத் தாழ்ப்பாளும் கிடையாது."

மூசா நாற்காலியிலிருந்து எழப் பார்த்தார், முழங்கால் விடவில்லை. "நீ ரெண்டு தடவ சொன்ன. நான்தான் உன் வாயப் பாத்தேன், சொன்னதக் கேக்கல. உன்னைக் கட்டிப்போட்டேன். எனக்கு... இதுக்கு மேல சொல்ல வரல."

பையன் போகவில்லை. உட்காரவும் இல்லை. உள்ளேயிருந்து தாதி வந்து, பெண் கண் திறந்துவிட்டாள், பயமில்லை, ஒருவர் மட்டும் வரலாம் என்றாள். பாசில் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதான். "நீங்க போங்க அத்தா. என்னால முடியாது."

மூசா வாசல்வரை போய்த் திரும்பினார். பேரனிடம் கேட்டார், வேறு யாரிடம் கேட்பது என்று தெரியாமல். "உள்ள போய் என்ன பேசுறது?"

"ஏன் செஞ்சேன்னு கேக்காதீங்க," என்றான் ஜாவித். "அத முதல்ல கேக்கவே கூடாது. சத்தம் போடாதீங்க. அழாதீங்க."

"அப்ப என்னதான் கேக்குறது?"

ஜாவித் யோசித்தான். "தண்ணி வேணுமான்னு கேளுங்க."

உள்ளே அனம் சின்னதாகிக் கிடந்தாள். கையில் குழாய். கழுத்துச் சங்கிலியைக் கழற்றி வைத்திருந்தார்கள். மூசாவிடம் ஆயிரம் கேள்வி இருந்தது. பேரன் சொன்னதை மட்டும் கேட்டார்.

"தண்ணி வேணுமாம்மா?"

அவள் அவரைப் பார்த்தாள். அந்த முகத்தில் சிரிப்பு இல்லை. சிரிப்பில்லாமல் பேத்தியின் முகம் எப்படி இருக்கும் என்று அவர் அன்றைக்குத்தான் பார்த்தார். உதடு அசைந்தது. குனிந்து காதைக் கொடுத்தார்.

"ஜாவித் எங்க நன்னா?"

வெளியே வந்து பேரனைக் கண்ணால் கூப்பிட்டார். பையன் அவரைத் தாண்டி உள்ளே ஓடினான். கதவு மூடவில்லை, ஒரு கையகலம் திறந்தே நின்றது. பேச்சுக் குரல் கேட்டது, என்ன பேசினார்கள் என்று கேட்கவில்லை.

பிரவின் கடிகாரத்தைப் பார்த்தான். "அங்கிள், வேன் நிக்குது. கூட்டிட்டுப் போறதா, வேணாமா?"

"பையன் உள்ள வேலையா இருக்கான்," என்றார் மூசா. "நீ போ தம்பி. டாக்டரம்மாவ மட்டும் நாளைக்கு எங்க வீட்டுக்கு வரச் சொல்லு. வந்து ஒவ்வொருத்தரையா பாக்கட்டும். என்னையும் சேத்து."